எவாங்கேலியன் 3.0+1.0: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவாங்கேலியன் திரைப்பட வரிசையின் கடைசிப் படம் 2021 மார்ச் 8 அன்று ஜப்பானில் வெளியானது. ‘இதைவிட நல்ல முடிவு அமையாது’ என்பவர்களும் ‘இதுக்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம்’ என்பவர்களும் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. இரு தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கதையின் முடிச்சுகள் அவிழும் இடத்துக்கு முன்னால் எச்சரிக்கை உண்டு.

எவாங்கேலியன்னா என்ன? டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மாதிரி ரோபோ சண்டைப் படமா?

ராட்சத ரோபோ வகையில்தான் எல்லோரும் சேர்க்கிறார்கள். ஆனால் எவா என்பது உண்மையில் இயந்திரமே இல்லை, செயற்கையாக வளர்த்த உயிருள்ள உடல். அதன்மேல் பூட்டியிருக்கும் கவசம் அதைக் காப்பதைவிட அடக்கி வைக்கத்தான் அதிகம் பயன்படுகிறது. முதுகில் மின்வடம் செருகியிருக்கும். அது அறுந்தால் உள்ளே இருக்கும் மின்சாரம் அதிகபட்சம் 5 நிமிடம் தாங்கும். ஓட்டுகிறவர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் ஷின்ஜி. பல வருடம் எட்டிப் பார்க்காத அப்பா கெண்டோ, எவாவில் ஏற்றுவதற்காகவே அவனை வரவழைக்கிறார். கதையின் பாரம் முழுவதும் இந்த அப்பா–பிள்ளை உறவின் மேல்தான்.

ஹிடேயாகி அன்னோ இயக்கிய 26 அத்தியாயத் தொடர் 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை டிவி டோக்கியோவில் வந்தது. கடைசி இரண்டு அத்தியாயங்கள் சண்டையை அந்தரத்தில் விட்டுவிட்டு ஷின்ஜியின் மனத்துக்குள் போய்விட்டதில் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 1997 ஜூலை 19 அன்று ‘தி எண்ட் ஆஃப் எவாங்கேலியன்’ என்ற படம் இன்னொரு முடிவைக் கொடுத்தது. அதற்கும் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். ஆக, ரசிகர்கள் இரண்டுபடுவது இந்த வரிசைக்குப் புதிதல்ல.

எந்த வரிசையில பாக்கணும்? மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

முதலில் டிவி தொடர், பிறகு ‘தி எண்ட் ஆஃப் எவாங்கேலியன்’, அதன்பின் ‘ரீபில்ட்’ என்று ரசிகர்கள் அழைக்கும் நான்கு படங்கள்: 1.0 (2007), 2.0 (2009), 3.0 (2012), 3.0+1.0 (2021). தொடர் ஏறக்குறைய பத்து மணி நேரம், 1997 படம் 87 நிமிடம், ரீபில்ட் நான்கும் சேர்ந்து ஏழே முக்கால் மணி நேரம். நடுவில் 1997 மார்ச்சில் வந்த ‘டெத் அண்ட் ரீபர்த்’ படத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். பாதி பழைய அத்தியாயங்களின் தொகுப்பு. மீதி அடுத்த படத்திலேயே இருக்கிறது.

தொடரையும் ரீபில்டையும் கலந்து பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கினாலும் போகப் போகப் பாத்திரங்களின் கதை வேறாகிறது. எவா ஓட்டும் இன்னொரு பிள்ளையான அசுகாவின் குடும்பப் பெயர்கூடத் தொடரில் ஸோர்யூ, படங்களில் ஷிகினாமி. இது பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது.

தொடரே பாக்கல, நேரா நாலு படத்தை மட்டும் பாத்தா புரியுமா?

கதை புரியும். 1.0 தொடரின் முதல் ஆறு அத்தியாயங்களைப் பெரும்பாலும் அப்படியே திரும்பச் சொல்கிறது, 2.0 மெல்ல விலகுகிறது, 3.0 அறவே வேறு பாதை. ஆனால் கடைசிப் படத்தின் இறுதி நாற்பது நிமிடங்கள் பழைய காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடிவைக்கின்றன. அவற்றை முன்பே பார்த்தவருக்குத்தான் அங்கே தொண்டை அடைக்கும். பார்க்காதவருக்கு ‘இது யாரு, இந்தக் கடற்கரை எங்கே வந்தது’ என்றுதான் இருக்கும். படம் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: 1997 படத்தைப் பார்த்தீர்களா?

1.11, 2.22, 3.33, 3.0+1.01, 3.0+1.11… இத்தனை எண் எதுக்கு? எதைப் பாக்கறது?

தியேட்டரில் வந்தது 1.0, 2.0, 3.0. டிஸ்க்கில் வந்தபோது சில காட்சிகளைத் திருத்தி, சேர்த்து 1.11, 2.22, 3.33 என்று எண்ணை மாற்றினார்கள். 2.22-இல் மட்டும் ஏறக்குறைய நான்கு நிமிடம் கூடுதல். இந்தப் பெரிய எண்களைப் பார்த்தால் போதும், சின்ன எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

கடைசிப் படத்துக்கு மூன்று வடிவங்கள். மார்ச்சில் வந்தது 3.0+1.0. 2021 ஜூன் 12 முதல் ஜப்பானியத் தியேட்டர்களில் ஓடியது 3.0+1.01, ஆகஸ்ட் 13 அன்று பிரைம் வீடியோவில் உலகம் முழுக்க வந்ததும் இதுதான். 2023 மார்ச்சில் ஜப்பானில் வந்த டிஸ்க்கில் இருப்பது 3.0+1.11. மூன்றிலும் கதை ஒன்றுதான், மாறியவை ஓவியத் திருத்தங்கள். ‘வேற எடிஷன்ல முடிவு மாறுதாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

3.0-க்கும் இதுக்கும் நடுவுல ஏன் எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு?

3.0 வந்தது 2012 நவம்பர் 17. அது முடிந்த கையோடு தான் மனச்சோர்வில் விழுந்ததை அன்னோவே 2015-இல் வெளிப்படையாக எழுதினார். நடுவில் அவர் கையில் எடுத்த வேலை 2016-இல் வந்த ‘ஷின் காட்ஸில்லா’. பிறகு 2020 ஜூன் 27 என்று தேதி குறித்தார்கள், கொரோனாவால் தள்ளிப்போனது. 2021 ஜனவரி 23 என்றார்கள், அவசரநிலையால் அதுவும் தள்ளிப்போனது. கடைசியில் மார்ச் 8, அதுவும் ஒரு திங்கட்கிழமை.

ரசிகர்கள் இவ்வளவு திட்டியிருக்காங்களே, படம் ஓடலையா?

நன்றாக ஓடியது. வசூல் 1,000 கோடி யென்னைத் தாண்டியது. 3.0-இன் வசூல் சுமார் 530 கோடி யென், ‘ஷின் காட்ஸில்லா’ சுமார் 825 கோடி. அன்னோவின் படங்களில் அதுவரை இதுவே முதலிடம். ஜப்பான் அகாடமி விருதில் அந்த ஆண்டின் சிறந்த அனிமேஷன் படமும் இதுவே. திட்டியவர்களில் பலர் இரண்டு மூன்று முறை டிக்கெட் வாங்கிவிட்டுத் திட்டியவர்கள்.

*இங்கிருந்து கீழே முழுக்க ஸ்பாய்லர்.*

சரி, உண்மையிலேயே ரசிகர்கள் சண்டை எதைப் பத்தி?

மேலோட்டமாகப் பார்த்தால் மாரி (ரீபில்டில் புதிதாக வந்த எவா ஓட்டும் பெண்), அசுகா, கம்ப்யூட்டர் கிராபிக்ஸ், கிராமத்துக் காட்சிகள் என்று பட்டியல் நீளும். எங்கள் கணிப்பு வேறு: இந்தக் கோபத்தில் பெரும்பகுதி நான்காம் படத்தின் மேல் இல்லை, மூன்றாம் படத்தின் மேல். 2.0-இன் முடிவில் ஷின்ஜி, தன்னோடு எவா ஓட்டும் ரெய்யைக் காப்பாற்றத் துணிகிறான். தியேட்டரே ஆர்ப்பரிக்கும் இடம் அது. அதன் பின்னால் வந்த முன்னோட்டத்தில் இருந்த காட்சிகளை நம்பி ரசிகர்கள் மூன்று வருடம் காத்திருந்தார்கள். 3.0 அவற்றை விட்டுவிட்டு 14 ஆண்டு தாண்டிக் குதித்தது. உலகம் அழிந்துகிடக்கிறது, அதற்கு ஷின்ஜிதான் காரணம் என்கிறார்கள், அவன் கழுத்தில் வெடிக்கும் பட்டையை மாட்டுகிறார்கள், ஏன் என்று 96 நிமிடத்தில் ஒருவரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

அந்தக் கடனையெல்லாம் அடைக்கும் வேலை 3.0+1.0-இன் தலையில் விழுந்தது. இடையில் போன 14 ஆண்டு, முன்பு ஷின்ஜியைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அதிகாரி மிசாட்டோவின் மனமாற்றம், பழைய நண்பர்களின் கதி, கெண்டோவின் திட்டம், அதற்குமேல் ஒரு முடிவு. 155 நிமிடம் ஓடியும் சில இடங்களில் அவசரம், சில இடங்களில் இழுவை என்று தெரிவது இதனால்தான். 3.0-ஐ மன்னித்துவிட்டவர்களுக்கு இந்தப் படம் பெரும்பாலும் பிடிக்கிறது; மன்னிக்காதவர்களுக்கு எப்படி முடித்திருந்தாலும் பிடித்திருக்காது.

மிசாட்டோ 3.0-ல அவ்வளவு கொடூரமா நடந்துக்கிட்டதுக்குக் காரணம் சொல்றாங்களா?

சொல்கிறார்கள், தாமதமாக. 2.0-இன் முடிவில் ஷின்ஜியை ‘போ’ என்று தூண்டியதே மிசாட்டோதான்; அந்தப் பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டுதான் அவனை மறுபடி எவாவில் ஏற விடாமல் தடுக்கிறாள். காதலன் காஜிக்கும் அவளுக்கும் பிறந்த பிள்ளையை விட்டு விலகி நிற்பதும் அதே குற்றவுணர்வால். இறுதியில் ஷின்ஜியை நோக்கிச் சுட்ட துப்பாக்கிக் குண்டைத் தன் உடம்பில் வாங்குகிறாள். இந்த விளக்கம் 3.0-இலேயே ஐந்து நிமிடமாவது வந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது. விடுபட்டதில் கொஞ்சத்தை 2023 டிஸ்க்கோடு வந்த, 3.0-க்கு 46 மணி நேரம் முந்தைய நிகழ்வைச் சொல்லும் குறும்படம் நிரப்புகிறது.

ரோபோ படத்துல நாத்து நடுறாங்க. அந்தக் கிராமத்துப் பகுதி எதுக்கு அவ்வளவு நீளம்?

அது ‘மூன்றாம் கிராமம்’. பாரிஸில் நடக்கும் தொடக்கச் சண்டை முடிந்ததும் படம் அங்கே இறங்கி, முதல் ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதியை அங்கேயே கழிக்கிறது. சண்டைக்காக வந்தவர்கள் நெளிவது இந்த இடத்தில்தான். எங்களைக் கேட்டால் நான்கு படங்களிலும் சிறந்த பகுதி இது. பேச்சே நின்றுபோன ஷின்ஜி எழுந்து நிற்க இத்தனை நாள் தேவை. அதைப் பத்து நிமிடத்தில் சுருக்கியிருந்தால் பின்பாதியில் அவன் அப்பாவை நிதானமாக எதிர்கொள்வதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது ரெய்யின் உருவில் இருக்கும் பெண்ணை. நாற்று நடுவது, குழந்தையைத் தூக்குவது, ‘காலை வணக்கம்’ சொல்வது என்று ஒவ்வொன்றாகக் கற்கிறாள். கெண்டோவின் நெர்வ் அமைப்புக்கு வெளியே தன் உடல் தாங்காது என்பதும் அவளுக்குத் தெரியும். ஷின்ஜி எழுவதற்கு அவளே காரணம். அந்தக் கிராமத்து ரயில் திருப்புமேடைக்கு மாதிரியாக இருந்தது ஷிஜுவோகா மாநிலத்தின் டென்ரியூ-ஃபுடமாட்டா நிலையம். ரசிகர்கள் இன்றும் அங்கே போய்ப் படமெடுக்கிறார்கள்.

ஒரே மூச்சில் பார்க்க முடியாதவர்களுக்கு: ஷின்ஜி கிராமத்தை விட்டு மிசாட்டோவின் வுண்டர் என்ற பறக்கும் கப்பலில் ஏறும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். கதை அங்கே இயல்பாகவே இரண்டாகப் பிரிகிறது.

கடைசிச் சண்டையில கிராபிக்ஸ் ஏன் இவ்வளவு மட்டமா இருக்கு? பணம் தீந்துடுச்சா?

இதில் இரண்டு வேறு குறைகளைக் கலந்துவிடுகிறார்கள். கெண்டோவின் 13-ஆம் எவாவோடு ஷின்ஜியின் 01 மோதும்போது கட்டடங்கள் உதைபட்டு அட்டைப்பெட்டி போல நகரும், பின்னால் இருக்கும் வானம் வரைந்த திரை என்று தெரியும், சண்டை மிசாட்டோவின் சமையலறைக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நடக்கும். இது திட்டமிட்டுச் செய்தது. ஜப்பானின் பழைய ராட்சத மிருகப் படங்களில் மினியேச்சர் நகரத்தை அரங்கில் அமைத்து எடுப்பார்கள்; அன்னோ அந்தப் படங்களின் தீவிர ரசிகர். இருவரின் நினைவுகளால் ஆன வெளியில் நடக்கும் சண்டை என்பதால் அரங்கு அரங்காகவே தெரிகிறது. நிஜ மனித முகம் போல வரும் அந்தப் பூதாகாரமான தலையும் அருவருக்க வேண்டும் என்றே வைத்தது.

மற்ற குறை நியாயமானது. தொடக்கத்தில் பாரிஸிலும், நடுவில் கப்பல்கள் மோதும் இடத்திலும் எதிரிகள் கும்பல் கும்பலாகக் கம்ப்யூட்டரில் பெருக்கியவை, எடையே தெரியாது. 2.0-இல் ஓர் எவா ஓடினால் தரை அதிர்வது தெரியும். அந்தக் கனம் இங்கே பல இடங்களில் காணாமல் போயிருக்கிறது. ‘அதுவும் வேணும்னே பண்ணினது’ என்று ரசிகர்கள் முட்டுக்கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

ஷின்ஜி கடைசியில மாரியோட போறான். எங்கிருந்து வந்தா அவ?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. புகாரில் பாதி சரி. மாரி 2.0-இல் அறிமுகமானாலும் ஷின்ஜியோடு பேசும் காட்சிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ரெய், அசுகா, ஷின்ஜியோடு நெருங்கிப் பழகும் கவோரு ஆகியோரோடு இருபத்தைந்து வருடம் வாழ்ந்த ரசிகர்களுக்கு அவள் அந்நியள்தான்.

மறுபாதி, படம் காட்டாததைப் பார்த்துவிட்டுப் போடும் சண்டை. இருவரும் காதலர்கள் என்று எந்த வசனமும் சொல்வதில்லை. எங்கிருந்தாலும் வந்து கூட்டிப்போவேன் என்று முன்பு வாக்குக் கொடுத்திருந்தாள், வந்தாள். ரயில் நிலையத்தில் கழுத்துப் பட்டையைக் கழற்றுகிறாள், அவன் அவள் கையைப் பிடிக்கிறான், இருவரும் ஓடுகிறார்கள். கழுத்துப் பட்டை 3.0 போட்ட முடிச்சு என்பதை நினைவில் வைத்தால் (மேலே சொன்ன கடன்கணக்கில் அதுவும் ஒன்று) அந்தக் காட்சியின் வேலை புரியும். இன்னொன்று: மாரி ஷின்ஜியின் தாய் யுய்யின் காலத்து ஆள். 3.0-இல் வரும் பழைய புகைப்படத்திலும் கெண்டோவின் நினைவிலும் அவளைப் போன்ற பெண் உண்டு. எவா பாத்திரங்களை வடிவமைத்த சதாமோட்டோ வரைந்த மங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) கடைசித் தொகுதியிலும் அவள் கல்லூரி நாட்களில் வருகிறாள்.

மாரிதான் அன்னோவோட மனைவின்னு சொல்றாங்களே?

அன்னோவின் மனைவி மொயோகோ அன்னோ மங்கா ஓவியர் என்பது உண்மை. அதற்கு மேல் எல்லாம் ரசிகர்களின் ஊகம். மாரி பாத்திரத்தை உருவாக்கியதில் இயக்குநர்களில் ஒருவரான கஸுயா சுருமாகியின் பங்கு பெரிது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அசுகாவும் ஷின்ஜியோட பள்ளித் தோழன் கென்சுகேவும் ஜோடியா இல்லையா?

படம் பிடிகொடுக்காமல் விட்ட இடம். அவன் வீட்டில் தங்குகிறாள், செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறாள். அவளுடைய மனவெளியில் ஒரு பெரிய பொம்மை உடையின் தலையைக் கழற்றினால் உள்ளே கென்சுகே; அவள் இருக்கிறபடியே இருந்தால் போதும் என்கிறான். அங்கே அசுகா சிறுமியாக இருக்கிறாள், கேட்டு ஏங்கியது தலையைத் தடவிக்கொடுக்கும் ஒரு கையை. ஆகவே தகப்பன் ஸ்தானம் என்ற வாசிப்பே பொருந்துகிறது என்பது எங்கள் கருத்து. ஷின்ஜி–அசுகா ஜோடிக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது 1997 படத்தின் கடற்கரையில் ஒரு விடைபெறல்: பிடித்திருந்தது என்று அவள் முன்பே சொன்னதைப் போல அவனும் அங்கே இறந்தகாலத்தில் ஒப்புக்கொள்கிறான்.

அசுகா விஷயத்தில் தட்டிக்கழிக்க முடியாத புகார் வேறு. பதினான்கு வயது உடம்போடு காட்டப்படும் ஒருத்தியை அரைகுறை உடையில் கேமரா மேயும் விதம். அவளுக்கு வெட்கம் மரத்துப்போனதைக் காட்டுகிறார்கள் என்ற சமாதானம் ஒன்றிரண்டு காட்சிகளுக்குச் செல்லும், எல்லாவற்றுக்கும் செல்லாது.

எல்லாம் திரும்பத் திரும்ப நடக்கிற சுழற்சியா? 1997 படத்தோட தொடர்ச்சியா இது?

சான்றுகள் இருக்கின்றன. 1.0-இலேயே கடல் சிவப்பு (தொடரில் நீலம்), நிலவில் இரத்தக் கோடு, அங்கே வரிசையாகச் சவப்பெட்டிகள், அவற்றில் ஒன்றிலிருந்து எழும் கவோரு ஷின்ஜியை முன்பே அறிந்தவன் போலப் பேசுகிறான். கவோருவுக்குப் பல சுற்றுகள் உண்டு என்பதைக் கடைசிப் படம் உறுதிசெய்கிறது. ஆனால் ‘1997 முடிவுக்குப் பின் நடப்பதே ரீபில்ட்’ என்று படம் எங்கும் முத்திரை குத்துவதில்லை. மனவெளிக் காட்சிகளில் பழைய தொடரின் படங்கள் வந்துபோவதால் அப்படி எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதை வைத்து ஆண்டுவாரியாக அட்டவணை போடுபவர்கள் எங்காவது ஓரிடத்தில் முட்டிக்கொள்வார்கள்.

‘அனிமே பாத்தது போதும், வெளிய போய் வாழு’ன்னு ரசிகர்களை அவமானப்படுத்தறாரா அன்னோ?

நிலையத்தை விட்டு அவர்கள் ஓடி வெளியே வந்ததும் ஓவியம் நிஜப் படப்பிடிப்பாக மாறுகிறது. அந்த ஊர் யமகுச்சி மாநிலத்தில் அன்னோ பிறந்த ஊபே. பெரியவனான ஷின்ஜிக்கு, 1995 முதல் குரல் கொடுத்த மெகுமி ஒகாட்டாவுக்குப் பதில் ரியூனோசுகே காமிகி குரல் கொடுக்கிறார். இதையெல்லாம் சேர்த்து ‘எங்களை விரட்டிவிட்டார்’ என்று சிலர் படிக்கிறார்கள்.

கென்சுகேயைப் பார்த்தால் அந்த வாசிப்பு ஆட்டம் காணும். தொடரில் கேமராவும் கையுமாக, போர்க்கப்பலைக் கண்டால் துள்ளிக் குதித்த அசல் ஒடாகு (ஒரு விஷயத்தில் பைத்தியமாக மூழ்கிக் கிடப்பவன்) அவன். அதே பைத்தியத்தில் கற்ற வித்தைகளை வைத்துத்தான் இன்று கிராமத்துக்கே பழுதுபார்ப்பவன், காவல்காரன், எல்லாம் அவன். ஒடாகுவை வெறுக்கும் இயக்குநர் படத்திலேயே நம்பகமான பெரியவர் பாத்திரத்தை அவனிடம் கொடுத்திருக்க மாட்டார்.

இரண்டாம் தடவை பாக்கறப்போ எதைக் கவனிக்கணும்?

ஷின்ஜியின் பாட்டுப் பெட்டியை. தொடரில் அது 25, 26 என்ற இரண்டு பாடல்களையே சுற்றிச் சுற்றி ஓட்டும், 2.0-இல் மாரி அவன்மேல் வந்து விழும் காட்சியில் 27-க்குத் தாவுகிறது. மாரி பற்றிய கேள்விக்கு 2009-இலேயே போட்டுவைத்த குறிப்பு அது. அடுத்து, கெண்டோ தன் இளமையைச் சொல்லும் இடத்தில் படம் பென்சில் கோடுகளாக மாறுவதையும், அதற்குப் பிறகு ஷின்ஜி இருக்கும் கடற்கரை வண்ணம் இழந்து வரைவாகக் கரையும்போது மாரி வந்திறங்குவதையும் ஒப்பிடுங்கள்.

சண்டையின் நடுவே சரமாரியாக வரும் ஈட்டிப் பெயர்களையும் ‘இம்பாக்ட்’ என்ற உலகப் பேரழிவின் வகைகளையும் இரண்டாம் முறையும் பிடித்துவைக்க முயல வேண்டாம். யார் யாரை இழந்தார்கள், யாரைத் திரும்பப் பெறப் பார்க்கிறார்கள் என்று மட்டும் பின்தொடர்ந்தால் காட்சிகள் புரிந்துவிடும். சப்டைட்டிலோடு பார்க்கிறீர்கள் என்றால் அந்தப் பகுதியில் கண் எழுத்திலேயே போய்விடும்; அதை ஒருமுறை சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள்.